தோல் செல் நரம்பு செல் ஆகுமா? – ஒரு டிக் குறி எழுப்பிய கேள்வி

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'நரம்பு மண்டலம்', 'இனக்கலப்பு மற்றும் உயிர்த்தொழில்நுட்பவியல்' ஆகிய பாடங்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இரண்டாவது பாடத்தில் வரும் குருத்தணுக்கள் பகுதிக்கு நான் ஒரு பாடவேளைக்கு மேல் ஒதுக்கியதில்லை. வரையறை, வகைகள், பயன்கள் என மூன்று தலைப்புகளில் குறிப்பு கொடுப்பேன். தேர்வுக்குத் தயார் செய்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் மாலை, மேல்மலைக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பேருந்துக்கு நேரமாகியும் போகாமல் நோட்டுடன் நின்றாள். அவளுடைய தாத்தாவுக்குச் சில ஆண்டுகளாகக் கை நடுக்கம். பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வெளியூரில் உள்ள ஒரு தனியார் சிகிச்சை மையம், 'ஸ்டெம் செல் ஊசி' போட்டால் முழுமையாகக் குணமாகும் என்று சொல்லிப் பல லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறது. பூண்டு போடும் நிலத்தை ஒத்திக்கு விடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அப்பா தயங்கியபோது இவள்தான் அறிவியல் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அதில் அவள் கையெழுத்தில், "குருத்தணுக்கள் மூலம் பார்க்கின்சன் நோயைக் குணப்படுத்தலாம்" என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் என் டிக் குறி.

"நீங்க டிக் போட்டிருக்கீங்கல்ல சார், அப்ப நெசந்தான?" என்றாள்.

பாடக்குறிப்பில் ஒரு வரி வீட்டுக்குப் போய் ஒரு குடும்பத்தின் நிலத்தைத் தொடும் என்று நான் நினைத்ததே இல்லை. "ரெண்டு நாள் பொறும்மா. அதுவரைக்கும் நிலத்துல கை வைக்க வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லு" என்று அனுப்பிவைத்தேன். அந்த இரண்டு நாளில் நான் படித்ததையும், பிறகு நான்கு பாடவேளைகளில் வகுப்பில் நடத்தியதையும் இங்கே பகிர்கிறேன்.

நோயைப் புரிந்துகொள்ளல்

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நியூரான்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளை உருவாக்கி, நீண்ட ஆக்சான்கள் வழியாக மூளையின் உட்பகுதியிலுள்ள வேறோர் இடத்துக்கு அனுப்புகின்றன. நம் அசைவுகள் சீராக இருக்க இந்த டோபமைன் தேவை. பார்க்கின்சன் நோயில் இந்த நியூரான்கள் சிறிது சிறிதாக இறக்கின்றன. கை நடுக்கம், தசை இறுக்கம், நடை மெதுவாதல், கையெழுத்து சிறுத்துப்போதல் ஆகியவை அறிகுறிகள். இவை வெளியே தெரியும்போதே அந்த நியூரான்களில் பாதிக்கு மேல் பெரும்பாலும் அழிந்திருக்கும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை விவரித்து எழுதினார். சித்த மருத்துவத்தில் நடுக்குவாதம் என்ற பெயர் உண்டு.

வகுப்பில் இதைச் சொன்னவுடன் வந்த முதல் கேள்வி, "டோபமைன் குறைஞ்சா டோபமைனையே ஊசியா போடலாமே சார்?" என்பதுதான். நல்ல கேள்வி. இரத்தத்தில் உள்ள எல்லாப் பொருளும் மூளைக்குள் நுழைய முடியாது. மூளை–இரத்தத் தடுப்பு என்ற காவல் ஏற்பாடு டோபமைனைத் தடுத்துவிடும். ஆனால் டோபமைனுக்கு முந்தைய நிலையில் உள்ள எல்-டோபா என்ற பொருளை அது உள்ளே விடும். மூளையில் எஞ்சியிருக்கும் செல்கள் அதை டோபமைனாக மாற்றிக்கொள்ளும்.

சேப்பாக்கத்தில் பிரித்தெடுத்த பொருள்

இந்த இடத்தில் நம் மண்ணின் கதை ஒன்று இருக்கிறது. மலையடிவாரப் புதர்களில் ஏறிக் கிடக்கும் பூனைக்காலிக் கொடியை நம் மாணவர்களுக்குத் தெரியும். காயின் சுணை பட்டால் அரிப்பு தாங்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் இந்தப் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் 1913-இல் ஐரோப்பாவில் ஒருவகை அவரையிலிருந்து அது பிரிக்கப்பட்டிருந்தது. ஆனால் இது எந்த நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

விடை 20 ஆண்டுகள் கழித்து ஸ்வீடனில் கிடைத்தது. சர்ப்பகந்திச் செடியிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் விலங்குகள் அசைவற்றுப் போகும். அப்படிப்பட்ட முயல்களுக்கு அர்விட் கார்ல்சன் 1957-இல் எல்-டோபாவைச் செலுத்தினார். அவை மீண்டும் எழுந்து நடமாடின. இந்த ஆய்வு வழிக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அசைவை நிறுத்திய மருந்தும் அசைவைத் திருப்பித் தந்த பொருளும் நம் காடுகளில் வளரும் இரு செடிகளில் உண்டு என்றபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பூனைக்காலி விதையை வீட்டிலேயே அரைத்துக் கொடுக்கக் கூடாது. ஒரு விதைக்கும் மற்றொரு விதைக்கும் மருந்தின் அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஆபத்தாகலாம்.

எல்-டோபா மாத்திரை இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து. ஆனால் அது அழிவை நிறுத்துவதில்லை. மில்லுக்கு நெல் அனுப்புவதைப் போன்றது அது. மில்களே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தால் எவ்வளவு நெல் அனுப்பியும் பயன் குறையும். ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் பலன் நீடிக்கும் நேரம் சுருங்குகிறது. சிலருக்குத் தேவையற்ற அசைவுகளும் வருகின்றன. அப்படியானால் புதிய மில் கட்ட முடியுமா? இறந்த நியூரான்களுக்குப் பதில் புதிய நியூரான்களை வைக்க முடியுமா? குருத்தணுப் பாடம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்கு இப்போது புரிகிறது.

குருத்தும் இலையும்

'குருத்தணு' என்ற சொல்லையே நான் கரும்பலகையில் பிரித்து எழுதினேன். குருத்து என்றால் என்ன என்று மலை வாழைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிக்கொத்து நோயால் கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழை பெரிதும் அழிந்ததையும், திசு வளர்ப்புக் கன்றுகள் வந்ததையும் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். திசு வளர்ப்பில் வாழையின் குருத்துப் பகுதியிலிருந்து சிறு துண்டை எடுத்து வளர்க்கிறார்கள். அங்குள்ள செல்கள் இன்னும் இலையாகவோ தண்டாகவோ ஆகவில்லை, எதுவாகவும் ஆகக்கூடியவை. கருவிலுள்ள கருநிலைக் குருத்தணுக்களும் அப்படித்தான்.

அடுத்து, பள்ளித் தோட்டத்திலிருந்து ஒரு பிகோனியா இலையைக் கொண்டுவரச் சொன்னேன். முற்றிய இலை அது. நரம்புகளில் கீறி ஈர மணலில் படிய வைத்தால் சில வாரங்களில் கீறிய இடத்தில் வேரும் குருத்தும் வருகின்றன. இலையாகி முடிந்த செல் மீண்டும் குருத்து நிலைக்குத் திரும்பிப் புதுச் செடியாகிறது.

"செடி செய்யுது. நம்ம தோல் செய்யுமா?" இதுதான் மையக் கேள்வி.

செய்யாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். முதலில் அந்த நம்பிக்கையை அசைத்தவர் இங்கிலாந்தின் ஜான் கர்டன். தவளையின் கருமுட்டையிலிருந்த உட்கருவை அழித்துவிட்டு, தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை அதில் வைத்தார். அதிலிருந்து தலைப்பிரட்டைகள் வளர்ந்தன. 1962-இல் வெளியான முடிவு இது. குடல் செல்லாக மாறிய பின்னும் முழு உடலுக்கான தகவல் அழியாமல் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தது.

ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. கர்டன் பள்ளியில் உயிரியலில் 250 பேரில் கடைசி. அவர் அறிவியலாளர் ஆக நினைப்பது நகைப்புக்குரியது என்று 1949-இல் அவருடைய ஆசிரியர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையைச் சட்டம் போட்டுத் தன் அறையில் வைத்திருந்தார் கர்டன். நாம் எழுதும் ஒரு வரி, போடும் ஒரு குறி எவ்வளவு காலம் இருக்கும் என்று யோசிக்க வைக்கும் செய்தி இது.

செயல்பாடு 1: 24 அட்டைகள்

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாகாவும் கசுடோஷி தகஹாஷியும் வேறொரு கேள்வி கேட்டார்கள். கருமுட்டை இல்லாமல், சில மரபணுக்களை மட்டும் செலுத்தி, முதிர்ந்த செல்லைக் குருத்து நிலைக்குத் திருப்ப முடியுமா? 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எவை தேவை என்று தெரியாது.

இதை வகுப்பில் விளையாட்டாகவே நடத்தலாம். 1 முதல் 24 வரை எண்ணிட்ட அட்டைகளை மாணவர்களிடம் கொடுங்கள். அவற்றில் நான்கு எண்களை நீங்கள் இரகசியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். குழு காட்டும் அட்டைகளில் அந்த நான்கும் இருந்தால் மட்டும் மணி அடியுங்கள். மாணவர்கள் முதலில் மனம்போன போக்கில் அட்டைகளைச் சேர்ப்பார்கள், மணி அடிக்காது. எல்லாச் சேர்க்கைகளையும் சோதிப்பதானால் எத்தனை என்று கணக்கிடச் சொல்லுங்கள். 2-இன் அடுக்கு 24, அதாவது 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216. பிறகு காத்திருங்கள். எங்கள் வகுப்பில் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், எல்லாத்தையும் வெச்சு, ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கலாம்." எந்த அட்டையை எடுத்தால் மணி நிற்கிறதோ அது தேவையானது. 24 சோதனைகள் போதும்.

கியோட்டோவில் நடந்ததும் இதுதான். 24-உம் சேர்ந்தபோது எலியின் தோல் செல்கள் சில குருத்து நிலைக்குத் திரும்பின. ஒவ்வொன்றாக விலக்கி 10-க்கு வந்தார்கள். மீண்டும் விலக்கி 4-க்கு வந்தார்கள். ஆக்ட்-3/4, சாக்ஸ்-2, கேஎல்எஃப்-4, சி-மிக் என்பவை அந்த நான்கு. 2006-இல் எலி செல்லில், 2007-இல் மனித செல்லில் இது நிறைவேறியது. இவ்வாறு கிடைப்பவற்றைத் தூண்டப்பட்ட பல்திறன் குருத்தணுக்கள் என்கிறோம். 2012-இல் கர்டனும் யமனாகாவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயோடும் தொடர்புடைய மரபணு. குருத்து நிலைக்குத் திரும்பிய செல் கட்டுப்பாடின்றிப் பெருகினால் கட்டியாகிவிடும். இந்த ஆபத்தைப் பாடத்தில் விட்டுவிடக் கூடாது.

செயல்பாடு 2: ஏழு பேர் போதுமா?

மூளைக்குள் புதிய செல்லை வைக்கும் முயற்சி யமனாகாவுக்கு முன்பே உண்டு. 1987 முதல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் கருத்திசுவை நோயாளிகளின் மூளையில் வைத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பலன் கிடைத்தது, சிலருக்கு இல்லை. பின்னர் அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் சிலருக்குத் தேவையற்ற அசைவுகள் ஏற்பட்டன. கருத்திசு கிடைப்பதும் அரிது. அறவியல் கேள்விகளும் எழுந்தன. தோல் அல்லது இரத்த செல்லிலிருந்தே குருத்தணு செய்யலாம் என்றான பிறகு இந்தத் தடைகள் குறைந்தன.

கியோட்டோவில் ஜுன் தகஹாஷி குழுவினர் 2018 அக்டோபரில் முதல் நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். நலமான கொடையாளர் ஒருவரின் செல்லைக் குருத்து நிலைக்குத் திருப்பி, பின் டோபமைன் நியூரானாகும் பாதையில் வளர்த்து, வேண்டியவற்றைப் பிரித்தெடுத்து மூளையின் இருபுறமும் வைத்தார்கள். ஒரு புறத்துக்கு 20 லட்சத்துக்கு மேல், சிலருக்கு 50 லட்சத்துக்கு மேல். உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தார்கள்.

மாணவர்களிடம் கேட்க ஒரு கேள்வி: செல்கள் இறந்த இடம் நடுமூளை, ஆனால் புதிய செல்களை அங்கே வைக்காமல், டோபமைன் போய்ச் சேரவேண்டிய இடத்தில் வைத்தார்கள். ஏன்? முதிர்ந்த மூளையில் ஆக்சான் அவ்வளவு தூரம் வளர்ந்து சேரும் என்று நம்ப முடியாது. மலை ஊற்றிலிருந்து குழாய் இழுக்க முடியாவிட்டால் தோட்டத்திலேயே தொட்டி கட்டுவதில்லையா, அதைப் போல.

இந்த ஆய்வின் முடிவு 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதைக் கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

பங்கேற்றவர்கள் 7 பேர். வயது 50 முதல் 69 வரை.
கண்காணிப்புக் காலம் 24 மாதம்.
கடுமையான பக்கவிளைவு, கட்டி எதுவும் இல்லை.
பலன் மதிப்பிடப்பட்டவர்கள் 6 பேர்.
மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் அசைவு மேம்பட்டவர்கள் 4 பேர்.
ஒப்பீட்டுக் குழு இல்லை.

பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். "இது வெற்றி" என்று ஒரு பக்கம், "இன்னும் சொல்ல முடியாது" என்று மறுபக்கம் வாதிட்டார்கள். சிகிச்சை நடந்தது என்ற நம்பிக்கையாலேயே சிலருக்குக் கொஞ்ச காலம் உடல் தேறும், அதைப் பிரித்தறிய ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்ற கருத்தை மாணவர்களே எட்டினார்கள். செல்கள் உயிரோடு இருந்து டோபமைன் தயாரிப்பதை ஸ்கேன் காட்டியது என்ற தகவலை முதல் குழுவுக்குத் துணையாகக் கொடுத்தேன். இரு பக்கமும் சரி என்பதுதான் பாடம். பாதுகாப்பைப் பார்க்கவே முதலில் சிலரிடம் சோதிக்கிறார்கள். பலனை நிறுவப் பெரிய சோதனைகள் வேண்டும்.

குறுக்குவழியும் திருத்தமும்

குருத்து நிலைக்குத் திரும்பாமலே தோல் செல்லை நேரடியாக நியூரான் ஆக்கலாமா? அமெரிக்காவில் மாரியஸ் வெர்னிக் குழுவினர் 2010-இல் மூன்று மரபணுக்களால் எலியின் தோல் செல்லை ஆய்வகத் தட்டில் நியூரானாக்கினார்கள். 2020-இல் இன்னொரு குழு, எலியின் மூளைக்குள்ளேயே துணைசெல்களை நியூரான்களாக மாற்றிவிட்டதாக அறிவித்தது. உலகமே வியந்தது. ஆனால் மறு ஆண்டே வேறோர் ஆய்வகம், செல்களின் பிறப்பைக் கவனமாகப் பின்தொடர்ந்து பார்த்து, அவை புதிதாக மாறியவை அல்ல, ஏற்கெனவே இருந்த நியூரான்களே தவறாக அடையாளம் பெற்றன என்று காட்டியது. புகழ்பெற்ற இதழில் வந்தாலும் ஒரு முடிவை மற்றவர்கள் செய்து பார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டில்

பெங்களூரில் நிம்ஹான்சும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் பிறவும் இணைந்து, கடும் மனநோய் பலருக்கு உள்ள குடும்பங்களிலிருந்து கொடையாகப் பெற்ற செல்களைக் குருத்து நிலைக்குத் திருப்பி, அவற்றிலிருந்து நியூரான்களை வளர்த்து நோயை ஆராய்கின்றன. உயிருள்ள மனிதரின் மூளையைத் திறக்காமலே அவருடைய நியூரானைத் தட்டில் பார்க்க இது வழி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் குருத்தணு ஆய்வு மையம் இயங்குகிறது.

சிகிச்சை என்று வரும்போது விதி தெளிவாக உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரத்தம் தொடர்பான நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜைக் குருத்தணு மாற்றம் மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்ற நோய்களுக்கு அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது.

செயல்பாடு 3: விளம்பரத்தைப் படித்தல்

எந்த மருத்துவ விளம்பரத்தையும் சோதிக்க மாணவர்களுடன் சேர்ந்து ஐந்து கேள்விகளை எழுதினோம்.

1. எந்த வகை செல், எங்கிருந்து எடுத்தது, உடலில் எங்கே வைக்கப்படும்?
2. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதற்குப் பதிவு எண் உண்டா?
3. ஆய்வு என்றால் ஏன் பணம் கேட்கிறார்கள்?
4. ஒரே ஊசி பல நோய்களைக் குணப்படுத்தும் என்கிறார்களா?
5. பலனுக்குச் சான்றாக ஆய்வு முடிவைக் காட்டுகிறார்களா, குணமானவரின் பேச்சை மட்டும் காட்டுகிறார்களா?

வீட்டுப்பாடமாக நாளிதழிலோ கைப்பேசியிலோ வந்த ஒரு விளம்பரத்தை இந்தக் கேள்விகளால் சோதித்து வரச் சொன்னேன். பிள்ளைகள் கொண்டுவந்தவற்றில் முடி வளரும் எண்ணெயும் மூட்டுவலித் தைலமும்தான் அதிகம். கேள்விகள் எல்லாவற்றுக்கும் பொருந்தின.

மதிப்பெண் போகுமா?

பொதுத் தேர்வில் "குணப்படுத்தலாம்" என்று எழுதினால்தானே மதிப்பெண் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். "இழந்த நியூரான்களுக்குப் பதிலாகக் குருத்தணுவிலிருந்து வளர்த்த நியூரான்களை வைக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன" என்று எழுதினாலும் கருத்து முழுமையாகவே இருக்கிறது. ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான். 'ஆய்வு' என்ற அந்தச் சொல்லைத்தான் நான் என் குறிப்பில் விட்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை அந்த மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்தார். ஐந்து கேள்விகளும் எழுதிய தாளை அவரிடம் கொடுத்தேன். அந்த மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை, நாளைக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்று மட்டும் சொன்னார்களாம். நிலம் தப்பியது. தாத்தாவை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி, தினமும் செய்ய உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். நடுக்கம் முழுவதும் போகவில்லை. ஆனால் டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கிறார் என்று அவள் சொன்னாள்.

அவளுடைய நோட்டில் என் டிக் குறியை அடித்துவிட்டு, "ஆய்வு நடக்கிறது. நம் நாட்டில் இன்னும் ஏற்கப்பட்ட சிகிச்சை அல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எப்ப சார் வரும்?"

தெரியாது என்றேன். பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்ததற்கும் அது நோயாளிக்கு மருந்தாகப் பயன்பட்டதற்கும் இடையே 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்று நினைவூட்டினேன். ஜன்னலோரம் மணல் தட்டில் வைத்த பிகோனியா இலையில் அப்போது வேர் மட்டும் வந்திருந்தது. குளிர் காலம், மெதுவாகத்தான் வரும். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள்.